கடைமடைக்கு எத்தனை கன அடி?

தாமிரபரணியின் கடைசி அணைக்கட்டு ஸ்ரீவைகுண்டம். அதற்கும் தெற்கே, கருப்பட்டிக்குப் பேர்போன உடன்குடி வட்டாரம் கடலோரக் கடைமடை. குளங்களுக்குக் கால்வாய்த் தண்ணீர் வந்தால்தான் கிணற்று நீரில் உப்பு தணியும். வருகிற தண்ணீர் எவ்வளவு என்று அளக்க வழி இருக்கிறது: பார்ஷல் ஃப்ளூம். அமெரிக்கப் பொறியாளர் ரால்ஃப் பார்ஷல் 1920-களில் பாசன வாய்க்கால்களுக்காகவே உருவாக்கியது.

வாய்க்காலின் பக்கச் சுவர்களை ஓரிடத்தில் நெருக்கி, அந்தக் குறுகிய கழுத்தில் தரையைச் சரித்துவிடுவார்கள். தண்ணீர் அங்கே வேகமெடுக்கும். கழுத்துக்குச் சற்று முன்னால் நீரின் உயரத்தை மட்டும் அளவுகோலில் பார்த்தால் போதும். கழுத்தின் அகலம் 1 அடி, நீரின் உயரம் 1 அடி என்றால் நொடிக்கு 4 கன அடி. அதாவது சுமார் 113 லிட்டர். உயரம் 2 அடியானால் 8 கன அடி அல்ல, ஏறத்தாழப் பதினொன்றரை! கண்மதிப்பு தவறுவது இங்கேதான்.

மின்சாரம் வேண்டாம், வண்டலும் எளிதில் தேங்காது. மடைக்கு மடை அளந்து எழுதிவைத்தால், கடைமடை விவசாயி தன் பங்கை எண்ணோடு கேட்கலாம். ஆனால் கீழ்ப்புறம் தண்ணீர் எதிர்த்து நின்றால் இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே நீரோட்டத்தைத் தடுக்கும் அமலைச் செடியை (ஆகாயத்தாமரையை) முதலில் அகற்றியாக வேண்டும்.