நிழல் காணாமல் போகும் மதியம்

தினமும் பகல் 12 மணிக்குச் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வந்துவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி வருவதில்லை. சென்னையில் ஆண்டுக்கு இரண்டே நாள்தான் அது நடக்கிறது: ஏப்ரல் 24 வாக்கில் ஒரு முறை, ஆகஸ்ட் 18 வாக்கில் மறுமுறை. அந்த இரண்டு நாளும் உச்சிப்பொழுதில், நேராக நட்ட குச்சிக்கு நிழலே விழாது. அதனால் அவற்றுக்கு நிழலில்லா நாள் என்று பெயர். கன்னியாகுமரியில் அது ஏப்ரல் 10 வாக்கிலேயே வந்துவிடும். மதுரையில் ஏப்ரல் 16 வாக்கில்.

மற்ற நாட்களில் என்ன ஆகிறது? ஒரு மீட்டர் நீளமுள்ள குச்சியைச் சமமான தரையில் நட்டுப் பாருங்கள். குச்சி சாயாமல் நிற்க வேண்டும்; கொத்தனாரின் தூக்குக்குண்டு கிடைத்தால் நல்லது. நிழலை மட்டும் பாருங்கள், சூரியனை நேராகப் பார்க்கவே கூடாது. டிசம்பர் 22 அன்று சென்னையில் உச்சிப்பொழுது நிழல் சுமார் 74 சென்டிமீட்டர் நீளத்துக்கு வடக்கே விழும். பொங்கல் கழிந்து நாளாக ஆக அது குறுகிக்கொண்டே வரும். ஏப்ரலில் மறைந்துவிடும். அதற்குப் பிறகு நடப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்தது: நிழல் மறுபக்கம் எட்டிப் பார்க்கும்! ஜூன் 21 அன்று அது சுமார் 18 சென்டிமீட்டர் நீளத்தில் தெற்கே விழுந்திருக்கும். பிறகு மீண்டும் சுருங்கி, ஆகஸ்டில் மறைந்து, வடக்குப் பக்கம் திரும்பிவிடும்.

இதற்குக் காரணம் பூமியின் சாய்வு. ஒரு சாத்துக்குடியின் நடுவே மெல்லிய குச்சி ஒன்றைச் செருகுங்கள். அதுதான் பூமியின் அச்சு. மேசை நடுவே ஒரு விளக்கை வைத்து, குச்சியைச் சற்றுச் சாய்த்துப் பிடித்தபடி விளக்கைச் சுற்றி வாருங்கள். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: குச்சியின் மேல்நுனி எப்போதும் ஒரே சுவரைப் பார்த்தே இருக்க வேண்டும். ஒரு பக்கம் வரும்போது பழத்தின் மேல்பாதி விளக்கை நோக்கிச் சாய்ந்திருக்கும். எதிர்ப்பக்கம் போனதும் கீழ்ப்பாதி சாய்ந்திருக்கும். பூமியும் இப்படித்தான் 23.5 பாகை சாய்ந்தபடி சூரியனைச் சுற்றுகிறது. அதனால் சூரியன் தலைக்கு மேலே நிற்கும் இடம் ஆறு மாதம் வடக்கே நகர்கிறது, ஆறு மாதம் தெற்கே நகர்கிறது. வடக்கே அது எட்டும் எல்லை கடகரேகை. டெல்லி அந்தக் கோட்டுக்கும் வடக்கே இருக்கிறது. அங்கே உச்சிப்பொழுதிலும் ஆண்டு முழுவதும் கொஞ்சமாவது நிழல் இருக்கும்.

கோடையில் பூமி சூரியனுக்குப் பக்கத்தில் போவதால் சுடுகிறது என்று சிலர் சொல்வார்கள். உண்மை நேர்மாறானது. பூமி சூரியனுக்கு மிக அருகே இருப்பது ஜனவரி தொடக்கத்தில், சுமார் 14.7 கோடி கிலோமீட்டரில். மிகத் தள்ளி இருப்பது ஜூலை தொடக்கத்தில், சுமார் 15.2 கோடி கிலோமீட்டரில். சூட்டைக் கூட்டுவது வெயில் விழும் கோணம். நேராக விழும் வெயில் சிறிய இடத்தில் குவிகிறது. சாய்வாக விழும் வெயில் பரந்த இடத்தில் பரவி வலுவிழக்கிறது.

அப்படியென்றால் ஏப்ரலைவிட மே மாதக் கத்திரி வெயில் ஏன் கடுமையாக இருக்கிறது? தரை சூடேற நாளாகும். பல வாரங்களாக வாங்கிய வெப்பம் மே மாதத்தில் சேர்ந்து தெரிகிறது. ஆகஸ்டிலும் சூரியன் தலைக்கு மேலே வருகிறதே என்று நீங்கள் கேட்கலாம். அதற்குள் பருவமழை மேகங்களும் மழையும் வந்து சூட்டைத் தணித்துவிடுகின்றன.

நிழலில்லா நாளன்று சரியாக 12 மணிக்குப் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். ஒரே இந்திய நேரத்தை நாடு முழுவதும் பயன்படுத்துகிறோம். சூரியன் ஊருக்கு ஊர் வேறு நேரத்தில் உச்சிக்கு வருகிறது. ஏப்ரலில் சென்னையில் ஏறக்குறைய 12.07க்கு வரும். மேற்கே உள்ள கோயம்புத்தூரில் இன்னும் 13 நிமிடம் கழித்து வரும்.

இந்த நிழலை வைத்தே பூமியின் சுற்றளவைக் கணக்கிடலாம். சுமார் 2,200 ஆண்டுகளுக்கு முன் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த எரட்டோஸ்தனிஸ் என்ற அறிஞர் அதைச் செய்துகாட்டினார். தெற்கே உள்ள சயீன் நகரில் நிழல் விழாத அதே நாளில், அலெக்சாந்திரியாவில் நிழலின் கோணத்தை அளந்தார். அது ஒரு வட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்கு இருந்தது. ஆகவே இரு ஊர்களுக்கும் இடையே உள்ள தூரத்தைப் போல் ஐம்பது மடங்குதான் பூமியின் சுற்றளவு என்று முடிவு செய்தார்.

நம் ஊரிலும் இதைச் செய்யலாம். கன்னியாகுமரியில் நிழல் மறையும் நாளன்று சென்னையில் உள்ள நண்பர் ஒரு மீட்டர் குச்சியின் உச்சிப்பொழுது நிழலை அளக்கட்டும். சுமார் 9 சென்டிமீட்டர் வரும். அது 5 பாகைக் கோணம். தெற்கு வடக்காக நேர்கோட்டில் இரண்டு ஊருக்கும் இடையே சுமார் 555 கிலோமீட்டர். ஒரு வட்டத்தில் 360 பாகை, அதாவது 72 ஐந்துகள். 555ஐ 72ஆல் பெருக்கினால் 39,960. பூமியைத் துருவங்கள் வழியாகச் சுற்றி அளந்தால் வரும் நீளம் ஏறக்குறைய 40,000 கிலோமீட்டர்.