நெஞ்செரிச்சல் மாத்திரையும் புற்றுநோய் அச்சமும்

நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம் என்றால் மருந்துக்கடையில் ரான்டாக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்வது நம் ஊரில் பழகிப்போன வழக்கம். நோன்பு மாதத்தில் ஸஹர் முடித்து உடனே படுப்பவர்களுக்கு இது இன்னும் அதிகம் தேவைப்படுகிறது. அந்த மாத்திரையால் புற்றுநோய் வருமா என்று பலரும் கேட்பதால் இந்த விளக்கம்.

ரான்டாக், அசிலாக், ஜைனடாக் எல்லாவற்றிலும் இருப்பது ரானிடிடின் என்ற ஒரே மருந்துதான். 2019 செப்டம்பரில் அதில் என்.டி.எம்.ஏ. என்ற வேதிப்பொருள் இருப்பதாக அமெரிக்க மருந்து நிர்வாகம் அறிவித்தது. விலங்குகளுக்குப் புற்றுநோய் உண்டாக்குவது இது. ஒரு நாளைக்கு 96 நானோகிராம் வரை உடலில் சேரலாம் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்குதான் நானோகிராம்.

கவனிக்க வேண்டியது இதுதான்: மாத்திரை பழையதாக ஆக, வெப்பம் படப் பட, அதற்குள்ளேயே இந்தப் பொருள் கூடுகிறது. அதனால்தான் 2020 ஏப்ரல் 1 அன்று அமெரிக்காவில் எல்லா ரானிடிடினையும் சந்தையிலிருந்து எடுக்கச் சொன்னார்கள். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கு அடியில், அலமாரியில் ஒரு வருடம் கிடக்கும் அட்டையை நினைத்துப் பாருங்கள்.

நம் நாட்டில் தடை இல்லை. 2022இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட 26 மருந்துகளில் இதுவும் ஒன்று; விற்பனை தொடர்கிறது. 2025 ஜூலையில், என்.டி.எம்.ஏ. அளவைக் கண்காணிக்குமாறு மாநிலங்களுக்கு மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகம் அறிவுறுத்தியது.

அப்படியானால் சாப்பிட்டவர்களுக்கு நோய் வந்துவிடுமா? 2023இல் பல நாடுகளில் 11 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இதே வகையைச் சேர்ந்த வேறு மாத்திரை சாப்பிட்டவர்களைவிட ரானிடிடின் சாப்பிட்டவர்களுக்குப் புற்றுநோய் அதிகம் வரவில்லை. ஆகவே முன்பு சாப்பிட்டதை எண்ணி யாரும் தூக்கம் கெட வேண்டாம். வேறு நல்ல மாத்திரை இருக்கும்போது இதையே பிடித்துக்கொண்டிருப்பதும் வேண்டாம் என்பது என் கருத்து. ஃபமோடிடின், ஒமெப்ரசோல் போன்றவற்றைச் சோதித்தபோது என்.டி.எம்.ஏ. தென்படவில்லை. எது உங்களுக்குப் பொருந்தும் என்பதை டாக்டர் சொல்லட்டும். அவர் எழுதிக்கொடுத்ததை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

எனக்குள்ள பெரிய கவலை வேறு. விழுங்கும்போது அடைப்பது, காரணமின்றி உடல் மெலிவது, மலம் கறுப்பாகப் போவது, இரத்த வாந்தி: இவற்றில் ஒன்று இருந்தாலும், எந்த மாத்திரை போட்டு எரிச்சல் அடங்கினாலும், தாமதிக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். வயிற்றுப் புற்றுநோயும் தொடக்கத்தில் வெறும் நெஞ்செரிச்சல் போலவே இருக்கக்கூடும்.