மூன்றாவது நாற்காலி காலி!

குட்டீஸ், உங்களுக்கு ரொம்பப் பிடித்த கிரிக்கெட் வீரர் ஆடுவதைப் பார்க்க மைதானத்துக்குப் போகிறீர்கள். அவரே ஓடி வந்து, "எங்கள் அணியில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை. நீ ஆடுகிறாயா?" என்று கேட்டால் எப்படி இருக்கும்?

1944-ம் ஆண்டு ஜூலை மாதம், மைல்ஸ் டேவிஸ் என்ற 18 வயதுப் பையனுக்கு அப்படித்தான் நடந்தது. மைதானத்தில் அல்ல, மேடையில்!

அமெரிக்காவில் மிசிசிப்பி ஆற்றின் ஒரு கரையில் செயின்ட் லூயிஸ் என்ற பெரிய நகரம் இருக்கிறது. எதிர்க்கரையில் உள்ள ஈஸ்ட் செயின்ட் லூயிஸ் என்ற ஊரில் வளர்ந்தவன் மைல்ஸ். அப்பா பல் டாக்டர். பையனுக்கோ ட்ரம்பெட் மீது பைத்தியம். கல்யாண ஊர்வலத்தில் பேண்டு வாத்தியக்காரர்கள் கன்னம் உப்ப ஊதுவார்களே, மூன்று பொத்தான் வைத்த பித்தளை வாத்தியம், அதுதான் ட்ரம்பெட்.

அவனுடைய வாத்தியார் எல்வுட் புக்கானன் கண்டிப்பானவர். அந்தக் காலத்தில் பலர் ஸ்வரத்தை நடுங்க நடுங்க ஊதுவார்கள். 'அதெல்லாம் வேண்டாம், நேராக ஊது. வயதானால் தானாகவே நடுங்கும்' என்பாராம்!

பள்ளியில் படிக்கும்போதே உள்ளூர் ஜாஸ் குழுவில் சேர்ந்து, இசைக் கலைஞர் சங்கத்தில் உறுப்பினர் அட்டையும் வாங்கிவிட்டான். அந்த அட்டைதான் பிறகு கை கொடுத்தது.

பள்ளிப் படிப்பை முடித்த நேரத்தில், பாடகர் பில்லி எக்ஸ்டைனின் இசைக்குழு செயின்ட் லூயிசுக்கு வந்தது. அதில் ட்ரம்பெட் வாசித்தவர் டிஸ்ஸி கில்லஸ்பி. ஊதும்போது அவர் கன்னங்கள் பலூன் போல உப்பிவிடும். சாக்ஸபோன் வாசித்தவர் சார்லி பார்க்கர். நம் கத்ரி கோபால்நாத் கர்நாடக இசை வாசித்த அதே வகை 'ஆல்டோ' சாக்ஸபோன்தான். ஜாஸ் இசையையே புதுப் பாதையில் திருப்பியவர்கள் இந்த இருவரும்.

கையில் ட்ரம்பெட்டோடு கச்சேரி கேட்கப் போனான் மைல்ஸ். குழுவில் மூன்றாவது ட்ரம்பெட் வாசிப்பவர் நோயில் படுத்துவிட்டார். பையனைப் பார்த்த டிஸ்ஸி, சங்க அட்டை இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது! அடுத்த நிமிடம் மேடையில்.

எதிரே இசைக் குறிப்புத் தாள். ஆனால் அதை எங்கே படிப்பது? டிஸ்ஸியும் பார்க்கரும் வாசிப்பதைக் கேட்டுக்கொண்டு வாயடைத்துப் போய் உட்கார்ந்திருந்தானாம். இதைத் தன் சுயசரிதையில் அவரே எழுதியிருக்கிறார்.

அந்தக் குழுவினரின் துணிச்சலையும் சொல்ல வேண்டும். வெள்ளையர்களுக்கான ஒரு விடுதியில் அவர்களுக்கு வாய்ப்பு. கறுப்பர்கள் பின்வாசல் வழியாகத்தான் வர வேண்டும் என்பது அங்கே வழக்கம். இவர்களோ முன்வாசல் வழியாகவே நுழைந்தார்கள்! கச்சேரி பறிபோய், கறுப்பர்கள் வரும் வேறு அரங்குக்கு மாற வேண்டியதாயிற்று.

சுமார் இரண்டு வாரம் அவர்களோடு வாசித்தான் மைல்ஸ். பிறகு? குழு அடுத்த ஊருக்குப் போய்விட்டது. அவனை அழைத்துப் போகவில்லை.

ஏன் என்று எக்ஸ்டைன் பின்னாளில் சொன்னதைக் கேட்டால் ஊகிக்கலாம். பையன் மனசு நோகக்கூடாது என்றுதான் வாசிக்க விட்டாராம். வாசிப்பு படுமோசமாம்! பாவம் மைல்ஸ்.

ஆனால் அவன் காதில் அந்த இசை ஒலித்துக்கொண்டே இருந்தது. செப்டம்பரில் நியூயார்க் போனான். புகழ்பெற்ற ஜூலியார்ட் இசைப் பள்ளியில் படிக்க என்று அப்பாவிடம் பேச்சு. போனதும் செய்ததோ, சார்லி பார்க்கரைத் தேடி ஊரெல்லாம் அலைந்தது! அப்பா கொடுத்த முதல் மாதப் பணம் அதிலேயே கரைந்தது.

தேடிக் கண்டுபிடித்தும்விட்டான். அடுத்த வருடமே பார்க்கர் அவனைத் தன் குழுவில் சேர்த்துக்கொண்டார். 1945 நவம்பரில் இசைத்தட்டுப் பதிவு. அதில் 'கோ-கோ' என்றொரு உருப்படி, அசுர வேகம். தன்னால் முடியாது என்று மைல்ஸ் ஒதுங்கிக்கொள்ள, ட்ரம்பெட்டை எடுத்து ஊதியவர் யார் தெரியுமா? அதே டிஸ்ஸி!

மைல்ஸ் அந்த வேகத்தோடு மல்லுக்கட்டவில்லை. குறைந்த ஸ்வரங்கள், நடுவே இடைவெளி, நடுங்காத நேரான நாதம் என்று தனக்கென ஒரு வழி கண்டார். 1959-ல் அவர் வெளியிட்ட 'கைண்ட் ஆஃப் ப்ளூ' உலகிலேயே மிக அதிகம் விற்ற ஜாஸ் இசைத்தட்டுகளில் ஒன்று.

1991-ல் மறைந்தார். அதற்கு இரண்டு வருடம் முன்பு வந்த சுயசரிதை எதில் தொடங்குகிறது தெரியுமா? 1944-ல் செயின்ட் லூயிசில் டிஸ்ஸியையும் பார்க்கரையும் சேர்த்துக் கேட்ட அந்த அனுபவத்தில்தான். அந்த உணர்வைத் தன் இசையில் கொண்டுவர வாழ்நாள் முழுக்க முயன்றாராம். சில நாள் பக்கத்தில் போனாராம். முழுதாக எட்டவே இல்லையாம்.