கிறிஸ்துமஸ் பாட்டுகளில் பையனுக்குத் துப்பாக்கி, பெண் பிள்ளைக்குப் பொம்மை

நவம்பர் பிறந்துவிட்டால் போதும், நம் பேரங்காடிகளில் ஆங்கிலக் கிறிஸ்துமஸ் பாடல்கள் ஒலிக்கத் தொடங்கிவிடும். தேவாலயத்தில் பாடும் பாடல்களைச் சொல்லவில்லை. 1930களில் இருந்து 1950கள் வரை அமெரிக்காவில் சினிமாவுக்கும் வானொலிக்கும் இசைத்தட்டுக்கும் எழுதப்பட்டவை இவற்றில் நிறைய. மெட்டு இனிமையாக இருப்பதால் சொற்களை யாரும் கவனிப்பதில்லை.

அதிகம் சர்ச்சைக்கு உள்ளானது ‘பேபி, இட்ஸ் கோல்ட் அவுட்சைட்’. ஃபிராங்க் லோசர் 1944இல் எழுதி, விருந்துகளில் தம் மனைவியுடன் பாடிவந்த பாட்டு. 1949இல் ‘நெப்டியூன்ஸ் டாட்டர்’ படத்தில் இடம்பெற்று ஆஸ்கார் விருதும் வாங்கியது. வீட்டுக்குக் கிளம்பும் பெண்ணை, வெளியே குளிர் என்று சொல்லி ஆண் தடுக்கிறான். அவள் மறுத்த பிறகும் விடுவதில்லை. (பாட்டில் கிறிஸ்துமஸ் என்ற சொல்லே இல்லை என்பது வேறு கதை.) இசைக்குறிப்பில் ஆண் குரலுக்கு ‘ஓநாய்’, பெண் குரலுக்கு ‘எலி’ என்று பெயர்.

2018இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகர வானொலி ஒன்று இதை நிறுத்தியது. கனடாவின் சிபிசி வானொலியும் நிறுத்திவிட்டு, பிறகு மீண்டும் ஒலிபரப்பியது. பாட்டை ஆதரிப்பவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆண் வீட்டில் இரவு தங்கிய பெண்ணை 1940களில் ஊர் சும்மா விடாது. அவளுக்குத் தங்க ஆசைதான். அம்மா, அப்பா, அத்தை, அக்கம்பக்கத்தார் என்ன சொல்வார்களோ என்றுதான் பயம் என்கிறார்கள். தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் அதே படத்தில் இன்னொரு ஜோடியும் இதைப் பாடுகிறது. அங்கே தடுப்பவள் பெண், ஓடப் பார்ப்பவன் ஆண். அது முழுக்க நகைச்சுவைக் காட்சி. ஆண் தடுத்தால் காதல், பெண் தடுத்தால் சிரிப்பு! 2019இல் ஜான் லெஜண்டும் கெல்லி கிளார்க்சனும் வரிகளை மாற்றிப் பாடினார்கள். அதில் அவனே அவளுக்கு வண்டி அழைக்க முன்வருகிறான்.

‘சாண்டா பேபி’ 1953இல் எர்த்தா கிட் பாடியது. கோட்டு, கார், மோதிரம் என்று தாத்தாவிடம் கொஞ்சிக் கேட்கும் பெண். கொஞ்சிக் காரியம் சாதிப்பவள் பெண் என்பது அதன் அடிப்படை. பாடியவரோ பருத்தித் தோட்டத்தில் பிறந்து, 1968இல் வெள்ளை மாளிகையிலேயே வியட்நாம் போரைக் கண்டித்துப் பேசியவர். மைக்கேல் பூப்லே 2011இல் இதைப் பாடியபோது, கொஞ்சலை எடுத்துவிட்டு நண்பனைக் கூப்பிடுவதுபோல் மாற்றிக்கொண்டார். ஆண் கொஞ்சினால் நன்றாக இருக்காதாம்.

எனக்குப் பெரிதாகப் படுவது இவை இரண்டும் அல்ல. மெரிடித் வில்சன் எழுதி 1951இல் வந்த ‘இட்ஸ் பிகினிங் டு லுக் எ லாட் லைக் கிறிஸ்துமஸ்’ பாட்டில், பையன்கள் பூட்சும் துப்பாக்கியும் கேட்கிறார்கள். சிறுமிகள் பேசி நடக்கும் பொம்மை கேட்கிறார்கள். இதற்காக எந்த வானொலியும் கலவரப்பட்டதாகத் தெரியவில்லை. ஆனால் பெரியவர்களின் காதல் பாட்டு குழந்தைக்குப் புரியாது. இது புரியும். பாட்டு ஒலிக்கும் அதே கடையில் விளையாட்டுப் பொருள் அடுக்கைப் பாருங்கள். ஒரு பக்கம் நீலம், ஒரு பக்கம் இளஞ்சிவப்பு.

பழைய காலம் என்பதால் அப்படித்தான் எழுதினார்கள் என்றும் சொல்லிவிட முடியாது. 19ஆம் நூற்றாண்டுப் பாட்டான ‘ஜாலி ஓல்ட் செயிண்ட் நிக்கலஸ்’ இன்றும் பள்ளிகளில் பாடப்படுகிறது. அதன் பிரபலமான ஒரு வடிவத்தில் நெல்லி என்ற சிறுமி வருகிறாள். பொம்மை எல்லாம் வெட்டி வேலை என்று நினைக்கும் அவள் கேட்பது ஒரு கதைப் புத்தகம்.