தில்லியில் தோட்டம்: கோடை முதல் முன்பனி வரை

தில்லியில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில், ஊரிலிருந்து ஒரு கறிவேப்பிலைக் கன்றையோ மல்லிகைப் பதியனையோ கொண்டுவந்து வளர்க்க முயலாத குடும்பம் அரிது. அக்கன்று முதற் குளிர்காலத்திலேயே பட்டுப்போவதும் அரிதன்று. மண் சரியில்லை என்றும், கைராசி இல்லை என்றும் நாம் வருந்துகிறோம். ஆனால் பிழை பெரும்பாலும் நாம் மனத்திற்கொண்டுள்ள பருவக் கணக்கிலேயே உள்ளது.

சென்னையில் ஆண்டு மழையில் பாதிக்கு மேற்பட்டது அக்டோபர் முதல் டிசம்பர் வரை பொழிகிறது. தில்லியிலோ ஜூன் இறுதியில் தொடங்கும் மழை செப்டம்பர் இறுதியில் விடைபெற்றுவிடுகிறது. 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்னும் முதுமொழி இங்கும் பொருந்தும். ஐப்பசி அடைமழை மட்டும் இங்கு இல்லை.

முதலில் கோடையைக் கவனிப்போம். மே, ஜூன் மாதங்களில் வெப்பம் 45 பாகை செல்சியஸை எட்டுவதுண்டு. 'லூ' எனப்படும் வறண்ட அனற்காற்று இலையின் ஈரத்தை உறிஞ்சிவிடும். ஆதலின் விடியற்காலையிலும் மாலையிலும் வேர் நனைய நீர் விடுக. உலர்ந்த இலைகளையோ வைக்கோலையோ மண்ணின்மேல் மூடாக்காகப் பரப்புக. தொட்டிகளை நெருக்கி வைத்து, மேற்கு வெயில் படாமல் தட்டி கட்டுக. செடியைத் தொட்டி மாற்றுவதற்கு இது காலமன்று.

மழை வந்ததும் வெண்டை, பாகல், சுரை, பீர்க்கு ஆகியவற்றை விதைக்கலாம். ஆடியில் செவ்வந்தியின் கிளைநுனிகளை நறுக்கி நட்டால், பகற்பொழுது குறுகும் காலத்தில் மொட்டு வைத்து, டிசம்பரில் பூக்கும். தொட்டியின் அடித்துளை அடைபடாமல் பார்த்துக்கொள்க. தேங்கும் நீர் வேரை அழுகச் செய்யும்.

புரட்டாசியில் மழை ஓய்ந்தபின் மண்ணைக் கிளறி மக்கிய எருவிடுக. ஐப்பசி இங்கே இரண்டாம் விதைப்புக் காலம். கொத்தமல்லி, வெந்தயம், முள்ளங்கி, பட்டாணி யாவும் குளிரில் செழிப்பவை. ரோஜாவைக் கவாத்துச் செய்வதற்கும் ஐப்பசித் தொடக்கமே ஏற்றது.

இனி நம் கறிவேப்பிலைக்கு வருவோம். கார்த்திகையில் குளிர் மிகுந்ததும் அதன் வளர்ச்சி நின்றுவிடுகிறது; இலைகள் மஞ்சளித்து உதிர்கின்றன. இது தாகமன்று, உறக்கம். இதனை அறியாது நாள்தோறும் நீர் வார்க்கிறோம், உரமும் இடுகிறோம். இலையற்ற செடி நீரை மிகக் குறைவாகவே உறிஞ்சும், மண் உலராது, வேர் அழுகிச் செடி மடிகிறது. அன்பே அதற்குப் பகையாகிவிடுகிறது.

ஆகவே புரட்டாசிக்குப் பின் உரத்தை நிறுத்துக. விரலை மண்ணில் ஓர் அங்குலம் செருகிப் பார்த்து, ஈரம் இல்லையெனில் மட்டும் சிறிது நீர் விடுக. குளிர்கால ஞாயிறு தென்புறமாகவே செல்வதால், தொட்டியைத் தெற்கு நோக்கிய சுவரருகில் வைக்கவேண்டும். கடுங்குளிர் இரவுகளில் சாக்கினால் போர்த்தி, காலையில் விலக்குக.

செடி மொட்டையாக நின்றாலும் பிடுங்கி எறிந்துவிடாதீர்கள். பட்டையை நகத்தால் மெல்லக் கீறிப் பாருங்கள். உள்ளே பசுமை தெரிந்தால் உயிர் இருக்கிறது. பங்குனி வெயிலில் அது மீண்டும் துளிர்க்கும்.