சேர்வராயன் மலையும் பட்டாளத்தின் கணக்கும்

ஏற்காட்டின் வரலாற்றைச் சொல்பவர்கள் பெரும்பாலும் காப்பியில்தான் தொடங்குவார்கள். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் காப்பிச் செடியைக் கொண்டுவந்தார். பின்னாலேயே துரைமார்களும் எஸ்டேட்டுகளும் தேவாலயமும் வந்தன. இந்த வரிசையில் பட்டாளத்துக்கு இடமே இல்லை. நீலகிரியின் வெலிங்டனைப் போல இங்கே படைக்குடியிருப்பு எழவில்லை. பேர்சொல்லும்படி போரும் நடக்கவில்லை. ஆனாலும் ஏற்காடு இருக்கும் இந்தச் சேர்வராயன் மலை வெள்ளையர் கைக்குப் போனதிலும், விலைபேசக்கூடிய நிலமாக மாறியதிலும் முதல் பங்கு பட்டாளத்தாருடையதுதான்.

1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் மைசூரின் திப்பு சுல்தான் கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் பாராமகால் சீமையையும் சேலத்தையும் விட்டுக்கொடுத்தார். மொழி தெரியாத சிவில் அதிகாரிகளை நம்பாத கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ், புதிய சீமையைக் கேப்டன் அலெக்சாண்டர் ரீடிடம் ஒப்படைத்தார். அவருக்கு உதவியாக வந்த தாமஸ் மன்றோவும் மதராஸ் படை அதிகாரியே. வயல்வயலாக அளந்து, தீர்வையை உழவரிடமே நேராகப் பேசி முடிக்கும் ரயத்துவாரி முறை இங்கேதான் உருவெடுத்தது. 1799இல் ஜெனரல் ஹாரிஸின் சேனை மறுபடி ஸ்ரீரங்கப்பட்டணம் நோக்கிக் கிளம்பியபோது, அதே ரீட்தான் பாராமகாலில் தானியமும் மாடுகளும் திரட்டினார். நேற்றுவரை வரி வாங்கிய கை இன்று படைக்குச் சோறு சேர்த்தது.

அந்தச் சேனையில் ஆர்தர் வெல்லெஸ்லியின் 33ஆவது காலாட்படையும் இருந்தது. அதன் அதிகாரியான வில்லியம் லாம்ப்டன், ஓர் இரவு தளபதி பெயர்டின் படை திசை தவறி எதிரியை நோக்கி வடக்கே போவதை நட்சத்திரங்களைப் பார்த்தே கண்டுபிடித்துச் சொன்னவர். மூன்றே ஆண்டுகளில், 1802இல், அவர் சென்னையின் பரங்கிமலையருகே அடிக்கோடு போட்டு நில அளவையைத் தொடங்கினார். நூறடி எஃகுச் சங்கிலியை மரப்பெட்டிகளுக்குள் நீட்டி, வெயிலில் அது எவ்வளவு நீள்கிறது என்று வெப்பமானி வைத்துக் கணக்கிட்டார்கள். கோணம் அளக்கும் தியோடலைட் கருவியின் எடை அரை டன். குமரியிலிருந்து வடக்கே இழுத்த அந்தப் பெரும் அளவைக்கோடு ஏறக்குறைய 78ஆம் பாகைத் தீர்க்கரேகையை ஒட்டிச் சென்றது. ஏற்காடும் அந்த ரேகைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ரீடின் வயல் அளவையைப் போல இதுவும் பட்டாளத்தார் செய்த அளவையே.

ரயத்துவாரி இடைத்தரகர்களை ஒழித்த நல்ல ஏற்பாடு, அதைப் பட்டாளத்தின் பிடி என்பது நியாயமா என்று கேட்கலாம். ஜமீன்தாரி முறையை மன்றோ மனதார எதிர்த்தார் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் ரீட் போன சில ஆண்டுகளிலேயே சேலம் மிட்டா எனப்படும் சிறு ஜமீன்களாகக் கூறுபோட்டு விற்கப்பட்டது. உழவர் நலமே குறிக்கோளாக இருந்திருந்தால் அந்த முறையை இவ்வளவு சுலபமாகத் தூக்கிப் போட்டிருக்க மாட்டார்கள். வருமானம் எந்த வழியில் வந்தாலும் சரி என்பதே கம்பெனியின் கணக்கு.

இதைவிட வலுவான ஆட்சேபம் ஒன்றும் உண்டு. ரீட் கணக்கெடுத்தது சமவெளி வயல்களைத்தான். மலையை மாற்றியவர் காக்பர்ன் என்ற சிவிலியன் அல்லவா? உண்மைதான். ஆனால் அளவுக்கோல் போகாத இடத்திலும் அளவையின் விதி போய்ச் சேர்ந்தது. சாமையும் ராகியும் விதைத்துவந்த மலையாளிப் பழங்குடியினருக்கு வழக்கம் இருந்தது, வாய்மொழி எல்லை இருந்தது. சர்க்கார் கச்சேரி கேட்கும் காகிதம் இல்லை. எழுத்தில் ஏறிய நிலத்துக்கே உரிமை என்று ஆகிவிட்ட சீமையில், எழுத்தில் ஏறாதது சர்க்கார் தரிசாகத்தானே தெரியும்? காப்பித் தோட்டக்காரருக்கு இடம் கிடைத்தது அந்தப் பார்வையால். ஆகவே ஏற்காட்டின் நவீன வரலாற்றை 1820களில் அல்ல, 1792இல் தொடங்குவதே முறை. அப்போதுதான் தோட்டம் போட்டவரோடு நிலத்தை இழந்தவரும் அந்த வரலாற்றுக்குள் வருவார்.