மட்டியை உறிஞ்சும் அரிசி நத்தை... மயில்துத்தம் வேண்டாம், டார்ச் லைட் போதும்!

கேள்வி: 'என் மகன் சிங்கப்பூரில் அலங்கார மீன் கடையில் வேலை பார்க்கிறான். கடல் நீர்த் தொட்டியில் உள்ள மூன்று ராட்சத மட்டிகள் அவன் பொறுப்பில் இருக்கின்றன. அவற்றில் அரிசி போல வெள்ளை நத்தைகள் ஒட்டியிருக்கின்றனவாம். மட்டி வாடுகிறது. நாங்கள் வயலில் பாசிக்கும் நத்தைக்கும் மயில்துத்தம் போடுவோம். அதையே தொட்டியில் கொஞ்சம் கரைத்து ஊற்றச் சொல்லட்டுமா?'

ராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த மிளகாய் விவசாயி ஒருவர் அனுப்பிய கேள்வி இது. படித்ததும் பதில் எழுத உட்காரவில்லை, உடனே போனை எடுத்தேன். 'அண்ணாச்சி, தம்பியை எதையும் ஊற்ற வேண்டாம் என்று சொல்லுங்கள்' என்றேன். நான் படித்தது விவசாயம். அதனால், மீன்வளத் துறையில் இருக்கும் நண்பரிடமும் விசாரித்துவிட்டுத்தான் முழுப் பதிலையும் சொன்னேன். அதை உங்களோடும் பகிர்ந்துகொள்கிறேன்.

மயில்துத்தம் ஏன் ஆகாது?

மயில்துத்தத்தில் இருப்பது தாமிரம். அது நத்தையைக் கொல்லும், உண்மைதான். ஆனால், நத்தையும் மட்டியும் ஒரே இனக் கூட்டம். இரண்டுமே மெல்லுடலிகள். நத்தையைக் கொல்லும் அளவு மருந்து மட்டியையும் கொன்றுவிடும். இறால், பவளம் எதுவும் தப்பாது. தொட்டிக்குள் இருக்கும் கல்லும் மணலும் தாமிரத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால், தண்ணீரை மாற்றினாலும் விஷம் முழுதாகப் போகாது. மீன்களின் வெள்ளைப்புள்ளி நோய்க்குக் கடைகளில் விற்கும் தாமிர மருந்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

இது கடலின் அசுவினி

இந்த நத்தையைப் 'பிரமிடெல்லிட்' என்பார்கள். சில மில்லிமீட்டர் நீளம்தான். வெள்ளையாக, கூம்பு போலக் கூராக இருக்கும். மற்ற நத்தைகளுக்கு இருப்பதுபோல அரம் போன்ற நாக்கு இதற்குக் கிடையாது. நீண்ட உறிஞ்சுகுழலை மட்டியின் சதையில் குத்தி, உடல் திரவத்தைக் குடிக்கும். நம் மிளகாய்ச் செடியில் அசுவினி சாறு உறிஞ்சுகிறதே, அதே தொழில்தான்.

ஒன்றிரண்டு இருந்தால் பெரிய மட்டி தாங்கிக்கொள்ளும். ஆனால், இது வேகமாகப் பெருகும். வழுவழுப்பான முட்டைக் கூட்டை மட்டியின் ஓட்டிலேயே ஒட்டி வைக்கும். நூற்றுக்கணக்கில் சேர்ந்துவிட்டால் மட்டி இளைத்துச் சாகும். சின்ன மட்டி சீக்கிரமே போய்விடும். சாலமன் தீவுகள் போன்ற பசிபிக் தீவுகளில் கிராமத்து மக்கள் ராட்சத மட்டிக் குஞ்சுகளை வளர்த்து, அலங்காரத் தொட்டிகளுக்கு விற்று வருமானம் பார்த்திருக்கிறார்கள். அங்கும் இந்த நத்தை பெரிய தலைவலி.

பகலில் ஒளியும், இரவில் மேயும்

பகலில் தேடினால் இது கண்ணில் படாது. மட்டியின் அடிப்பக்கத்திலும் ஓட்டின் மடிப்புகளிலும் பதுங்கிக்கொள்ளும். விளக்கை அணைத்த பிறகுதான் மேலேறி, சதையின் ஓரத்துக்கு வரும். அதனால், செய்ய வேண்டியவை இவை:

1. விளக்கு அணைத்து ஓரிரு மணி நேரம் கழித்து, டார்ச் அடித்துப் பாருங்கள். மட்டி மேல் இருக்கும் கூம்பு நத்தைகளை இடுக்கியால் எடுத்து அழியுங்கள். கண்ணாடியில் பாசி மேயும் மற்ற நத்தைகள் நமக்கு நண்பர்கள், அவற்றை விட்டுவிடுங்கள்.

2. தொட்டித் தண்ணீரையே ஒரு பாத்திரத்தில் எடுத்து, மட்டியை அதில் வைத்து, மென்மையான பல்துலக்கும் பிரஷ்ஷால் ஓட்டை மட்டும் தேயுங்கள். மடிப்புகளில் உள்ள முட்டைக் கூடுகளும் போக வேண்டும். சதையில் பிரஷ் படக் கூடாது. அந்தத் தண்ணீரைத் திரும்பத் தொட்டியில் ஊற்றாதீர்கள்.

3. மட்டி நூல் போன்ற கற்றையால் கல்லைப் பிடித்திருக்கும். பிடுங்கி இழுத்தால் அடிச்சதை கிழிந்துவிடும். கல்லோடு சேர்த்தே தூக்குங்கள்.

4. ஒருமுறை செய்து நிறுத்தினால் பயனில்லை. தப்பிய முட்டைகள் பொரிக்கும். வாரம் இருமுறை வீதம் ஆறு வாரமாவது தொடருங்கள்.

5. அசுவினிக்குப் பொறிவண்டு போல, இதற்கும் இயற்கை எதிரி உண்டு. ஆறு கோடு ராஸ் போன்ற சிறிய ராஸ் மீன்கள் இந்த நத்தையைப் பொறுக்கித் தின்னும். ஆனால், மீன் இருக்கிறதே என்று கைவேலையை விட்டுவிடக் கூடாது.

6. புதிதாக வாங்கும் மட்டியைச் சில வாரம் தனித்தொட்டியில் வைத்துச் சோதித்த பிறகே சேர்க்க வேண்டும். சந்தையில் வாங்கிய ஆட்டை அன்றே மந்தையில் விடுவோமா?

மட்டி வாடுவதற்கு வெளிச்சக் குறைவும் உப்பு அளவு மாறுவதும்கூடக் காரணமாகலாம். மட்டியின் சதைக்குள் வாழும் நுண்பாசி வெளிச்சத்தில்தான் அதற்கு உணவு தயாரிக்கிறது. அதையும் சரிபார்க்கச் சொன்னேன்.

தம்பி முதல் இரவில் நாற்பதுக்கு மேல் பொறுக்கியிருக்கிறார். ஐந்தாவது வாரம் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லையாம். மூன்றில் சிறியது பிழைக்கவில்லை. மற்ற இரண்டும் தேறிவிட்டன, வேலையும் தப்பியது. 'மருந்து ஊற்றியிருந்தால் மூன்றும் போயிருக்கும், பழியும் அவன் தலையில் விழுந்திருக்கும்' என்றார் அப்பா.

ஒரு எச்சரிக்கை. லட்சத்தீவு, அந்தமான் கடல்களில் ராட்சத மட்டி உண்டு. இது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன் கீழ் பாதுகாக்கப்பட்ட உயிரினம். தொட்டி வைக்கும் ஆசையில் நம் கடலிலிருந்து எடுப்பதும் விற்பதும் குற்றம்.

வயலோ தொட்டியோ, பூச்சியைப் பார்த்ததும் மருந்து டப்பாவைத் தேடாதீர்கள். அது என்ன, எப்போது வருகிறது, எங்கே முட்டையிடுகிறது என்று முதலில் பாருங்கள். சந்தேகம் இருந்தால், ஊற்றுவதற்கு முன்பு கேளுங்கள். அந்த அப்பா கேட்டதால்தான் இரண்டு மட்டிகள் பிழைத்தன.